ஏப்ரல் இலை

கோஷ்புலாக் மலைச்சரிவில் பனி இளகியதும் முதலில் தலைகாட்டுவது ஒமோன்கரா. புல்லுக்கு முன்னால், காட்டு வெங்காயத்துக்கு முன்னால், ஈர மண்ணைப் பிளந்துகொண்டு அந்த இலை வந்துவிடும். இரண்டு விரல் அகலம், சாம்பல் பூசியது போன்ற பச்சை. மடித்த விசிறி மாதிரி ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். கிழங்கு முழங்கை ஆழத்தில் கிடக்கும். ஜூன் பிறப்பதற்குள் இலை வாடி மண்ணோடு போய்விடும். ஆகஸ்டில், எல்லாரும் அதை மறந்துபோன பிறகு, மொட்டைத் தண்டு ஒன்று எழுந்து பூ விடும்.

ஆட்டுக்காரர்களுக்கு அதைக் கண்டால் ஆகாது. மந்தையை அந்தப் பக்கம் விடமாட்டார்கள். மருந்து ஆலைக்கோ அது தங்கம். அந்த இலையிலிருந்து எடுக்கிற மருந்து, இளம்பிள்ளை வாதத்தில் சூம்பிய காலுக்கும், தசை தளர்ந்துபோகிற வியாதிக்கும் ஊசியாகப் போகும். எங்கள் மலையில் விளைகிற அளவுக்கு வேறெங்கும் கிடையாது என்று தாஷ்கண்டில் சொல்வார்களாம்.

நான் சமர்கந்துக்காரி. மூன்று வருடம் மருத்துவ உதவியாளராக இருந்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று இந்த ஊர் மருந்தகத்துக்கு வந்தேன். முப்பத்தோராவது வருடம் நடக்கிறது. டாக்டருக்குப் படித்தவள் இல்லை என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். டாக்டரம்மா என்றே கூப்பிடுகிறார்கள். இப்போது சொல்வது நான் வந்த ஏழாவது வருடத்தில், எழுபத்தாறில், அன்ஸிரத்தின் வீட்டில் நடந்தது.

அன்ஸிரத்துக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. இலை அறுக்கிற பெண்களுக்கு அவள்தான் தலைவி. யாரும் நியமிக்கவில்லை, அவள் குனிந்தால் மற்றவர்களும் குனிவார்கள், அவள் நிமிர்ந்தால் ரொட்டி மூட்டையை அவிழ்ப்பார்கள், அவ்வளவுதான். அறுப்பதற்கு ஒரு முறை உண்டு. அரிவாளை மண்ணுக்கு ஒரு விரல் மேலே வைத்துச் சுற்று இலைகளை மட்டும் எடுக்க வேண்டும். நடுவிலுள்ள இரண்டு இலையைத் தொடக்கூடாது. தொட்டால் கிழங்கு அடுத்த வருடம் எழாது. இலைப்பால் பட்ட கை நாள் முழுக்க அரிக்கும். சாம்பல் போட்டுக் கழுவாமல் ரொட்டியைப் பிட்டு வாயில் வைத்தால் கசப்பு தொண்டை வரைக்கும் இறங்கிக் குமட்டும். புதிதாக வருகிற மருமகள்களை முதல் நாள் அப்படி விட்டுவிட்டுச் சிரிப்பது ஒரு வழக்கம்.

அவள் கணவர் எஷ்முராத் உலர்த்தும் கொட்டகைக்குப் பொறுப்பாளர். பதினாலு வருடமாக அதே வேலை. வந்த இலையை விரல் நீளத்துக்கு நறுக்கி, நாணல் தட்டுகளில் மெல்லிசாகப் பரப்பி, பள்ளத்தாக்குக் காற்று இரண்டு பக்கமும் பாய்கிற பரணில் வைப்பார். வெயில் படக்கூடாது. ஒரு நாளைக்கு மூன்று தடவை புரட்ட வேண்டும். குவியலாகக் கிடந்தால் உள்ளுக்குள் சூடேறிக் கறுத்துவிடும். அதிகம் பேசாதவர். அவர் பேச வேண்டியதையும் சேர்த்து மனைவியே பேசிவிடுகிறாள் என்று ஊரில் கேலி செய்வார்கள். அவரும் சிரித்துக்கொள்வார். ஒரே மகள் மெஹ்ரியை ஆற்றுக்கு அந்தப்பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

வழக்கமாக அறுவடை ஏப்ரல் முதல் வாரத்தில் தொடங்கும். எழுபத்தைந்தில்தான் மாறியது. பருத்தி விதைப்புக்கு லாரியும் ஆளும் போதவில்லை, அதனால் ஒமோன்கரா அறுப்பு மே பத்தாம் தேதிக்குமேல் என்று மாவட்டக் கொள்முதல் நிலையத்திலிருந்து உத்தரவு வந்தது. அறுத்தார்கள். இலை நன்றாகப் பெரிதாகவே இருந்தது. எடையும் திட்டத்துக்கு மேலே போனது. நிலைய மேலாளர் ஹம்ராயெவுக்குப் பாராட்டுப் பத்திரம்கூட வந்தது என்றார்கள்.

நவம்பரில் அவரே ஜீப்பில் வந்து இறங்கினார். கொட்டகை முற்றத்தில் எல்லாரையும் நிற்கவைத்து ஒரு தாளைப் படித்தார். கோஷ்புலாக்கிலிருந்து வந்த இலையில் இருக்க வேண்டிய மருந்தில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கிறது, வேறு இலை கலந்திருக்கலாம், கொட்டகைப் பொறுப்பாளர் எஷ்முராத் வேலையிலிருந்து நிறுத்தப்படுகிறார், விசாரணை நடக்கும். என்ன இலை கலந்தான் என்று யாரோ கேட்டதற்கு, ஷிராச் என்றார். ஷிராச் எங்கள் மலைக்கீரை. வசந்தத்தில் சம்சாவுக்குள், அடுப்பில் சுடுகிற மாவுப் பொதிக்குள், வைத்து எல்லா வீட்டிலும் தின்பதுதான். நறுக்கிக் காயவைத்தால் ஒமோன்கராவுக்கும் அதற்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். அதனால் நம்புவதற்கு எளிதாக இருந்தது.

அந்தக் குளிர்காலம் முழுக்க எஷ்முராத் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து கம்பளி நூலைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். சிக்கு தீர்ந்ததும் வேறொரு கண்டு எடுப்பார். தொழுகைக்கு வெளியே போவதையும் நிறுத்திவிட்டார். ஊரில் யாரும் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை. கல்யாண வீட்டில் அவர் தட்டில், காயவைத்த ஷிராச்சில் செய்த சம்சாவை வைத்தவன் மட்டும், சாப்பிடுங்க அண்ணே, உங்களுக்குப் பழக்கமானதுதானே என்றான். அன்றைக்குப் பாதியில் எழுந்து வந்தவர்தான், பிறகு எந்த வீட்டு விசேஷத்துக்கும் போகவில்லை.

எனக்கு இதில் இன்னொரு கவலை இருந்தது. பள்ளிக்கூடத்தில் சமைக்கிற ருக்கியாவுக்கு அந்தத் தசை தளரும் வியாதி. முப்பது வயதுதான். காலையில் நன்றாக இருப்பாள். நண்பகலில் இமை தானாக இறங்கிவிடும். சாயங்காலம் ரொட்டியை மெல்லத் தாடைக்குத் தெம்பு இருக்காது. ஊசி போட்டால் அரைமணி நேரத்தில் திரை தூக்கியதுபோல் கண் திறக்கும். அந்தக் குளிர்காலத்தில் மருந்துக் குப்பி வரவில்லை. பிப்ரவரியிலும் வரவில்லை. ருக்கியா ஒரு கையால் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறுகையால் கஞ்சி கிண்டினாள். ஒத்தைக் கையால சமைக்கிறவளைப் பார்த்திருக்கீங்களா டாக்டரம்மா என்று அவளே தமாஷ் பண்ணுவாள். அந்தத் தமாஷ் சொல்லும்போதே நாக்கு குழறும்.

மார்ச் தொடக்கத்தில் அன்ஸிரத் கைவெடிப்புக்குக் களிம்பு வாங்க வந்தாள். ருக்கியா அப்போதுதான் வெளியே போனாள், சுவரைப் பிடித்துக்கொண்டு. அன்ஸிரத் வாசலில் நின்று அவள் தெருமுனை திரும்பும்வரை பார்த்தாள்.

"மருந்து ஏன் வரலையாம்?"

"இலையில சத்து இல்லையாம். ஆலையில பாதிகூட எடுக்க முடியலைன்னு சொல்றாங்க."

"சத்து இல்லைங்கறது எனக்கும் தெரியும். மே மாசத்து இலையில என்ன இருக்கும்?"

எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவள் பெஞ்சில் உட்கார்ந்து தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"ஆட்டைக் கேளுங்க. ஏப்ரல்ல ஒரு ஆடு தெரியாம நாலு இலை கடிச்சுதுன்னா வாய் ஒழுகும், கண்ணுல தண்ணி கொட்டும், காலு வெடவெடன்னு ஆடும். அதே ஆடு மே பாதிக்கு மேல மேய்ஞ்சுதுன்னா, அசை போட்டுட்டு நிம்மதியாப் படுத்துக்கும். அப்ப இலை பாக்கறதுக்கு என்னமோ பெருசாத்தான் இருக்கும். உள்ள ஒண்ணும் இருக்காது."

மருந்துக் குப்பியோடு வருகிற சீட்டில் ஒரு எச்சரிக்கை இருக்கும். அளவு மிஞ்சினால் உமிழ்நீர் பெருகும், கண்ணீர் வழியும், தசை துடிக்கும் என்று. ஆடுகள் அதைத்தான் செய்திருக்கின்றன. இத்தனை வருடம் அந்தச் சீட்டைப் படித்தும் எனக்கு ஆடு ஞாபகம் வரவில்லை.

இதை ஏன் விசாரணையில் சொல்லவில்லை என்றேன்.

"யாரு கேட்டா? என்ன கலந்தான்னு கேட்டாங்க. எப்ப அறுத்தீங்கன்னு ஒருத்தன் கேக்கல. தேதி அவங்க போட்டது, அதைக் கேப்பாங்களா?"

அன்றைக்கே தாஷ்கண்டில் இலையைச் சோதிக்கிற ஆய்வுக்கூடத்துக்குக் கடிதம் எழுதினோம். மருந்துச் சீட்டில் இருப்பதை நான் எழுதினேன், மற்றதை அவள் சொன்னாள். ஆட்டைப் பற்றி எழுதினால் சிரிப்பார்களோ என்று எனக்குத் தயக்கம். கால்நடைகளின் நடத்தை என்று பொதுவாக எழுதலாமா என்று கேட்டேன்.

"ஆடுன்னே எழுதுங்க," என்றாள். "சிரிக்கட்டும். சிரிச்சிட்டு வந்து பாக்கட்டும்."

பதில் வருவதற்குள் ஏப்ரல் வந்துவிட்டது. இந்த வருடமும் உத்தரவு மே பத்துதான். ஏப்ரல் ஐந்தாம் தேதி காலையில் அன்ஸிரத் அரிவாளை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். முந்தின நாளே வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டிருந்தாள். முப்பது பேரில் ஐந்து பேர்தான் வந்தார்கள். மற்றவர்களுக்குப் பயம். ஒருத்திக்கு மாமியார் பயம், ஒருத்திக்குக் கூட்டுப் பண்ணை பயம். வந்த ஐந்தில் ஹாசியத் ஒருத்தி. அவள் வாய்க்கு ஊரே பயப்படும், அவள் யாருக்கும் பயப்பட மாட்டாள்.

நானும் அன்றைக்கு மேலே போனேன். காற்று கூராக இருந்தது. பாறை இடுக்குகளில் பனி கிடந்தது. இலை ஒரு சாண் உயரத்தில் மொறமொறவென்று நின்றது, அரிவாள் பட்டதும் நறுக்கென்று முறிந்தது. பத்து மணி வாக்கில் பண்ணைக் குழுத் தலைவன் பாஞ்சி குதிரையில் ஏறி வந்தான். யாரைக் கேட்டு அறுக்கிறீர்கள் என்று தூரத்திலிருந்தே சத்தம் போட்டான்.

"இலையைக் கேட்டு," என்றாள் அன்ஸிரத். நிமிரவில்லை.

"அக்கா, விளையாடாதீங்க. மேல தெரிஞ்சா என் தலை உருளும். ஏற்கெனவே அண்ணன் விஷயம் தொங்கிக்கிட்டிருக்கு. நீங்களும் சேர்ந்து மாட்டிக்கப் போறீங்க."

"அதனாலதான் அறுக்கறேன், பாஞ்சி. அவரு கலந்தாருன்னு நீ நம்பறியா?"

பாஞ்சி குதிரையின் பிடரியைப் பார்த்தான். நான் நம்புறதா முக்கியம் என்று முனகினான்.

"முதல்ல குதிரையை இழுத்துப் பிடி," என்றாள் ஹாசியத். "ஒமோன்கராவை மோந்து பாத்துக்கிட்டு நிக்குது. நாலு வாய் தின்னுச்சுன்னா உன்னைத் தூக்கிக்கிட்டு நாங்கதான் இறங்கணும். எங்களுக்குச் சுமை போதும்."

பெண்கள் சிரித்தார்கள். பாஞ்சி கடிவாளத்தைச் சுண்டிக் குதிரையைத் திருப்பினான். நான் வரவே இல்லை, எதையும் பார்க்கவும் இல்லை என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான். அதற்குமேல் அவனிடம் எதிர்பார்க்கவும் முடியாது.

கொட்டகை பூட்டிக் கிடந்ததால் அன்ஸிரத் இலையைத் தன் வீட்டு மாட்டுத்தொழுவத்தின் பரணில் பரப்பினாள். எஷ்முராத்துக்குப் பிடிக்கவில்லை. என் பேர் கெட்டது போதாதா, உன் பேரும் கெட வேண்டுமா என்று கேட்டாராம். பிறகு நூல் கண்டோடு உட்கார்ந்துவிட்டார். இரண்டு நாள் மழை பிடித்துக்கொண்டது. பரணில் இடம் போதாமல் பெண்கள் இலையைத் திட்டுத் திட்டாகக் குவித்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் நான் போனபோது அன்ஸிரத் முற்றத்தில் நின்று மேலே காட்டினாள். பேசாதே என்று உதட்டில் விரல் வைத்தாள். எஷ்முராத் பரணில் இருந்தார். வாடை காட்டிக்கொடுத்துவிட்டதாம், வேகிற புல் வாடை. அதைப் பொறுக்காமல் எழுந்து ஏணியில் ஏறியிருக்கிறார். குவியலுக்குள் முழங்கை வரை கைவிட்டுப் பார்த்து, சூடேறிய இலையை ஒதுக்கி, மீதியைப் பலகைமேல் ஒரே பரவலாகத் தட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பக்கச் சுவரிலும் ஒரு பலகை பெயர்க்கப்பட்டிருந்தது. காற்று பாய்ந்தது.

"இன்னும் ஒரு நாள் இப்படி விட்டிருந்தா கரியாயிருக்கும்," என்றார், யாரையும் பார்க்காமல். "உங்களுக்கெல்லாம் அறுக்கத்தான் தெரியும்."

"ஆமா, தெரியாது," என்றாள் அன்ஸிரத். "அதான் உள்ள ஒருத்தர் சும்மா உக்காந்திருந்தாரே."

மே மாதம் பத்தாம் தேதி உத்தரவுப்படி அறுவடை நடந்தது. பக்கத்து ஊர் ஆட்கள் வந்தார்கள். கொட்டகைக்குப் புதிய பொறுப்பாளர், காவலுக்கு நிலையத்து ஆள். இலை உலர்ந்து சாக்கில் ஏறியதும் ஹம்ராயெவே அரக்கு முத்திரை வைத்தார். அவர் காதுக்கு ஏப்ரல் இலை விஷயம் போய்விட்டது. மறுநாள் நேரே எஷ்முராத் வீட்டுக்கு வந்தார்.

அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். மேலே கேட்கிற எடையைக் கீழே வாங்கிக் கொடுப்பதற்கு வைக்கப்பட்ட மனிதர். தேதியை மாற்றிக் கையெழுத்துப் போட்டவர் அவர்தான் என்பதால், தேதியில் தப்பு என்றால் அது அவர் தலையில் விழும். உட்கார்ந்து தேநீர் குடித்தார், உலர்தயிர் உருண்டை ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். தாஷ்கண்டிலிருந்து ஆள் வரப்போவதாகச் சொன்னார். பிறகு பையிலிருந்து தட்டச்சு செய்த தாளை எடுத்து விரித்தார். வேறு இலை கலந்தது வேண்டுமென்று செய்ததல்ல, கவனக்குறைவு என்று எஷ்முராத் ஒப்புக்கொண்டால் விசாரணை முடிந்துவிடும், வழக்கு இல்லை, ஏப்ரலில் திருட்டுத்தனமாக அறுத்ததையும் மறந்துவிடலாம்.

எஷ்முராத் பேனா கேட்டார். நான் அங்கேதான் இருந்தேன். ஹம்ராயெவ் கொடுத்த பேனாவை வாங்கிக்கொண்டு தாளைத் தன் பக்கம் திருப்பினார். அன்ஸிரத் அடுப்படியிலிருந்து வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"மெஹ்ரியோட அப்பா, படிச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தேன். எனக்கு அலுத்துப்போச்சு அன்ஸிரத். ஆறு மாசமா இந்தச் சுவரைப் பாத்துக்கிட்டிருக்கேன். ஒரு கையெழுத்தோட முடியும்னா முடியட்டுமே."

"முடியும். நீங்க ஜெயிலுக்குப் போக மாட்டீங்க. கவனம் இல்லாதவர்னு எழுதி ஒத்துக்கிட்டு நிம்மதியா வீட்டுல இருக்கலாம். ஆனா அடுத்த வருஷமும் மே மாசந்தான் அறுப்பாங்க. அதுக்கு அடுத்த வருஷமும். அப்ப யாரு கலந்தான்னு சொல்லுவாங்க? ருக்கியா ஒத்தைக் கையால சமைச்சுக்கிட்டே இருப்பா. அதுக்கெல்லாம் சேத்துத்தான் கையெழுத்து. தெரிஞ்சு போடுங்க."

ஹம்ராயெவ் குறுக்கே பேச வாயெடுத்தார். அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. எஷ்முராத் பேனாவை வெகுநேரம் விரலிடுக்கில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு அதன் மூடியைத் திருகி ஹம்ராயெவ் முன்னால் வைத்தார்.

"தாஷ்கண்ட்காரங்க வரட்டும்," என்றார். "தேநீர் ஆறுது, குடிங்க."

இரண்டு நாள் கழித்து வந்தது வேரா கிம் என்ற பெண். கொரியக் குடும்பம், தாஷ்கண்டுக்குப் பக்கத்தில் வளர்ந்தவள், எங்களைவிடச் சுத்தமாக உஸ்பெக் பேசினாள். கையில் மரப்பெட்டி, அதில் கண்ணாடிக் குழாய்களும் மருந்துப் புட்டிகளும். வந்து இறங்கியதும், ஆட்டைப் பற்றி எழுதியது யார் என்று கேட்டாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், நான் அன்ஸிரத்தைப் பார்த்தேன். ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் கடிதத்தை வாங்கி வாங்கிப் படித்தோம் என்றாள் அவள். சிரித்தார்களா என்று அன்ஸிரத் கேட்டாள்.

"சிரிச்சோம்," என்றாள் வேரா கிம். "அப்புறம் பழைய கணக்கையெல்லாம் எடுத்துப் பாத்தோம். சிரிப்பு நின்னுபோச்சு. பதிமூணு வருஷம் ஏப்ரல் இலை, ஒரு குறையும் இல்ல. ஆனா அது ஒரு யூகம்தான். இலையைப் பாக்கணும்."

சோதனையைக் கொட்டகை முற்றத்திலேயே வைக்க வேண்டும் என்று அன்ஸிரத் பிடிவாதம் பிடித்தாள். ஹம்ராயெவ், தாஷ்கண்ட் அம்மாவுக்கு உங்கள்மேல் இரக்கம் வந்துவிட்டது, எது யார் இலை என்று தெரிந்தால் உங்கள் பக்கமே தீர்ப்புச் சொல்வாள் என்றார். அப்படியானால் எந்தக் கிண்ணத்தில் எந்த இலை என்று அவளுக்குத் தெரிய வேண்டாம், நீங்களே உள்ளே போய்ப் பங்கிட்டு எண் போடுங்கள் என்று அன்ஸிரத் சொல்லிவிட்டாள். ஊர் மொத்தமும் கேட்டுக்கொண்டிருந்தது. அவரால் மறுக்க முடியவில்லை.

நான்கு கிண்ணம் வெளியே வந்தது. வேரா கிம் ஒவ்வொன்றிலும் ஒரே அளவு இலையைத் தட்டி எடுத்து உரலில் இடித்தாள், புளிப்பு நீரில் ஊறவைத்து, ஸ்பிரிட் விளக்கில் வெதுவெதுப்பாக்கி, தாளில் வடிகட்டினாள். நான்கு குழாயிலும் வெளிறிய தேநீர் நிறத்தில் நீர் நின்றது. இலைக்குள்ளே இருக்கிற மருந்துச் சத்து இதில் இறங்கியிருக்கும், இந்தப் புட்டியில் உள்ளதை விட்டால் சத்து இருக்கிற அளவுக்கு நிறம் திரண்டு அடியில் படியும், சத்து இல்லையென்றால் எதுவும் படியாது என்றாள். பெண்கள் நெருங்கி வந்து தோளோடு தோள் இடித்துக்கொண்டு பார்த்தார்கள். எஷ்முராத் கூட்டத்துக்குப் பின்னால் கொட்டகைச் சுவரில் சாய்ந்து நின்றார்.

ஒன்றாம் குழாயில் மூன்று சொட்டு விட்டாள். லேசான கலங்கல் வந்து நின்றது. இரண்டாம் குழாயில் ஒன்றும் நடக்கவில்லை, தெளிவாகவே இருந்தது. மூன்றாம் குழாயில் முதல் சொட்டு விழுந்ததும் ஆரஞ்சு நிறம் திரண்டது. அடுத்த சொட்டில் இன்னும் திரண்டது, செங்கல் பொடி போல மெதுவாக அடியில் இறங்கி ஒரு விரல் உயரத்துக்குப் படிந்தது. நான்காம் குழாய் முதலாவது மாதிரியே, லேசான கலங்கல்.

ஹம்ராயெவ் எண்களைப் படித்தார். இரண்டு, ஷிராச். மூன்று, ஏப்ரலில் அன்ஸிரத் வீட்டில் உலர்த்தியது. நான்கு, போன வருடத்து இலை, விசாரணைக்காக எடுத்து வைத்திருந்தது. சொல்லிவிட்டு நிறுத்தாமல், பார்த்தீர்களா, நல்ல இலையில் ஷிராச்சைக் கலந்தால் இப்படித்தான் நிறம் வெளுத்து வரும், நான் சொன்னதுதான் நிரூபணமாகியிருக்கிறது என்றார். சிலர் தலையாட்டினார்கள். வேரா கிம்கூட, வெறும் நிறத்தை வைத்து அதை மறுக்க முடியாது என்று ஒப்புக்கொண்டாள்.

"ஒண்ணாம் நம்பரு என்னதுன்னு சொல்லலியே," என்றாள் அன்ஸிரத்.

அவர் தாளைப் பார்த்தார். இந்த மாதம் அறுத்தது என்றார்.

"எந்தச் சாக்குலேர்ந்து எடுத்தீங்க?"

"நிலையத்துச் சாக்கு."

"உங்க ஆளு அறுத்து, உங்க ஆளு காயவெச்சு, உங்க கையால அரக்கு வெச்ச சாக்கு. எங்க வீட்டுக்காரரு கொட்டகைப் பக்கமே வரல. அதுவும் போன வருஷத்து இலையும் ஒரே மாதிரி வெளுத்திருக்கு. அதுல யாரு கலந்தா, நீங்களா?"

ஹம்ராயெவ் கழுத்து சிவந்தது. ஹாசியத் சத்தமில்லாமல் ஒன்றாம் குழாயை எடுத்து நான்காம் குழாய்ப் பக்கத்தில் நிறுத்தி வைத்தாள், எல்லாரும் பார்க்கும்படி. வேரா கிம் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். இது கண்ணால் பார்த்தது, அளவு கணக்கு தாஷ்கண்டில் எடுத்துத்தான் தாள் அனுப்ப முடியும், ஆனால் பார்த்ததைப் பார்த்தேன் என்று எழுதுவேன் என்றாள். நான் திரும்பிப் பார்த்தபோது எஷ்முராத் சுவரோரம் இல்லை. கொட்டகைக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து முழங்கையில் முகத்தைப் புதைத்திருந்தார். அன்ஸிரத் அங்கே போகவில்லை. கொஞ்ச நேரம் இருக்கட்டும் டாக்டரம்மா, ஆறு மாசத்து அழுகை என்றாள்.

தாள் ஆகஸ்டில் வந்தது. மே இலையில் சத்து மூன்றில் ஒரு பங்கு, ஏப்ரல் இலையில் முழு அளவு. எஷ்முராத் மீது குற்றம் இல்லை, வேலைக்குத் திரும்பலாம். அதே உறையில் இன்னொரு தாளும் இருந்தது. உத்தரவில்லாமல் அறுவடை செய்ததற்காக அன்ஸிரத்துக்குக் கண்டனம். அவள் ஏப்ரலில் அறுத்த இலையை மட்டும் ஆலை எடுத்துக்கொண்டது, அதைப் பற்றி எந்தத் தாளிலும் ஒரு வரி இல்லை. கண்டனத் தாளை அவள் சமையலறைச் சுவரில் ஆணி அடித்து மாட்டினாள். சம்பந்தி வீட்டார் வந்தால் முதலில் அதைத்தான் காட்டுவாள். குளிர்காலத்தில் மருந்துக் குப்பிகள் வந்தன. ருக்கியா இரண்டு கையாலும் மாவு பிசைந்தாள், எங்களையெல்லாம் அதட்டினாள்.

அடுத்த வருட உத்தரவில் அறுவடை ஏப்ரல் ஒன்றாம் தேதி என்று இருந்தது. இவ்வளவு சொன்னதற்கு மாற்றிவிட்டார்களே என்று எனக்குச் சந்தோஷம். அன்ஸிரத் வானத்தைப் பார்த்தாள். அந்த வருடம் மார்ச் கடைசி வரை பனி கொட்டியது. ஒன்றாம் தேதி முப்பது பெண்களும் மேலே போனபோது இலை ஒரு விரல் உயரம்கூட எழவில்லை. அவள் அரிவாளை இடுப்பிலிருந்து எடுக்கவே இல்லை. கம்பளி விரித்து உட்கார்ந்தாள். முப்பது பேரும் உட்கார்ந்தார்கள். சுள்ளி பொறுக்கித் தேநீர் வைத்தார்கள்.

நண்பகலில் ஹம்ராயெவ் ஜீப்பை அடிவாரத்தில் விட்டுவிட்டு மூச்சு வாங்க ஏறி வந்தார். நீ கேட்ட மாதத்தைத்தானே போட்டிருக்கிறோம், இப்போது என்ன என்றார்.

"மாசத்தை நான் கேக்கல. இலையைப் பாருங்கன்னு சொன்னேன். இதை இப்ப அறுத்தா கிழங்கு செத்துப்போகும். பத்து நாள் போகட்டும்."

"இன்னொரு கண்டனம் வரும், தெரியுமில்ல?"

"வரட்டும். சுவத்துல இடம் இருக்கு."

அவர் பெண்களைப் பார்த்தார். யாரும் எழவில்லை. போன வருடம் வராத இருபத்தைந்து பேரும் அவரை நேராகப் பார்த்துக்கொண்டு ரொட்டி தின்றார்கள். எஷ்முராத் கொட்டகையிலிருந்து ஏறி வந்திருந்தார். யாருடைய சண்டையிலும் வாய் திறக்காத மனிதர். இடுப்பு வாரிலிருந்த சாவியைத் தட்டிக் காட்டினார்.

"இலை வந்தாத்தான் கொட்டகை திறப்பேன்," என்றார். "தேதிக்குத் திறக்க மாட்டேன்."

ஹம்ராயெவ் இறங்கிப் போனார். ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி அறுப்பு தொடங்கியது. கொட்டகைப் பதிவேட்டில் எஷ்முராத் அந்தத் தேதியையே எழுதினார். உத்தரவில் ஒன்றாம் தேதி இருக்கிறது, திருத்தி அனுப்பவும் என்று மாவட்டத்திலிருந்து தாள் திரும்பி வந்தது. அவர் அதில் பன்னிரண்டு என்று முன்னைவிடப் பெரிய எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அதே லாரியில் திருப்பி அனுப்பினார்.